வயசு நாற்பது... வண்டி இன்னும் ஓடுது! பழைய கார்க்காரர்கள் கூடினால் என்ன பேசுவார்கள்?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிற ரோடு, மேற்குத் தொடர்ச்சி மலையை ஓரமாக வைத்துக்கொண்டு ஓடும். மொத்தமே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். புது கார் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு பழைய அம்பாசிடரோ, பிரீமியர் பத்மினியோ டீக்கடை முன்னால் வந்து நின்றால் போதும், நாலு பேர் கூடிவிடுவார்கள்.

முதல் கேள்வி, "எந்த வருஷ மாடல்?" இரண்டாவது, "ஸ்பேர் கிடைக்குதா?" மூன்றாவது, "கொடுக்கிறதா இருந்தா சொல்லுங்க!"

மூன்றாவது கேள்விக்குச் சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்புவதுதான் வழக்கம். இப்போது சிலர் சிரிப்பதற்கு முன் ஒரு நொடி யோசிக்கிறார்கள். ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் ஏறியிருக்கிறது. பங்க்கில் ஊற்றுகிற பெட்ரோலும் மாறியிருக்கிறது. வீட்டில் ஓர் ஆள் போல இருந்த வண்டியை இன்னும் எத்தனை நாள் வைத்துக்கொள்ள முடியும் என்ற கவலை இந்த இரண்டிலிருந்தும் வருகிறது.

வீட்டுக்கு வந்த வண்டிகள்

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ் காரை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது அம்பாசிடர். அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய அந்தத் தயாரிப்பு 2014 மே மாதம் நின்றது. முன்சீட்டில் மூன்று பேர், பின்சீட்டில் நாலு பேர், மடியில் குழந்தைகள் என்று கல்யாணத்துக்குப் போய் வந்த கதை இந்தப் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு உண்டு.

பத்மினிக்காரர்களின் பெருமை வேறு. பம்பாய் குர்லாவில் 1964-ல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் பிறந்த கார் அது. 1974-ல்தான் பத்மினி ஆனது. 1,089 சி.சி. இன்ஜின், ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர். "அம்பாசிடர் யானை, பத்மினி குதிரை" என்பது அவர்கள் கட்சி. அம்பாசிடர்காரர்கள் விட்டுக்கொடுப்பார்களா? "மழைக்காலத்தில் குண்டும் குழியுமான ரோட்டுக்கு யானைதானே வேணும்!" என்பார்கள்.

நம் மாநிலத்துக்கே சொந்தமான கார் ஒன்று உண்டு. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இன்று ஓடுகிற ஹெரால்டைப் பார்ப்பதே அபூர்வம்.

நேற்று வந்த சின்ன வண்டி என்று பலர் நினைக்கிற மாருதி 800-ம் இப்போது பழைய கார் வரிசையில் சேர்ந்துவிட்டது. அதன் முதல் சாவி கைமாறியது 1983 டிசம்பரில். அதற்கே நாற்பது வயது தாண்டிவிட்டது!

பட்டறைதான் பல்கலைக்கழகம்

பழைய காரின் பெரிய வசதி, அதன் கோளாறு கண்ணுக்குத் தெரியும் என்பதுதான். புது வண்டி நின்றால் கம்ப்யூட்டரை மாட்ட வேண்டும். பழைய வண்டி நின்றால் பானெட்டைத் திறந்து இரண்டே கேள்வி கேட்டால் போதும். பெட்ரோல் வருகிறதா? கரன்ட் வருகிறதா?

கரன்ட் வரவில்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயின்ட்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்தால் பாதி நேரம் வண்டி கிளம்பிவிடும். பெட்ரோல் வரவில்லை என்றால் சித்திரை வெயிலில் சந்தேகம் முதலில் பம்ப் மேல்தான் விழும். இன்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டால் பம்ப் இழுக்காது. வண்டியை நிழலில் நிறுத்தி, பம்ப் மேல் ஈரத்துணி சுற்றி, பத்து நிமிஷம் காத்திருப்பதுதான் வைத்தியம். அதனாலேயே பழைய கார்க்காரர் டிக்கியில் ஒரு கேன் தண்ணீரும் ஒரு பழைய துண்டும் எப்போதும் இருக்கும்.

உதிரி பாகத்தில் அம்பாசிடர்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். டாக்ஸியாகவும் அரசு வண்டியாகவும் நாடு முழுக்க ஓடியதால் பாகங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பத்மினிக்குத் தேட வேண்டும். ஹெரால்டுக்குத் தவமிருக்க வேண்டும். ராஜபாளையம் 1930-களிலிருந்தே மில் ஊர். இயந்திரம் தெரிந்த கைகளுக்கும் லேத் பட்டறைகளுக்கும் இங்கே பழக்கம் அதிகம். கடையில் கிடைக்காத புஷ்ஷையும் பின்னையும் பழசைக் காட்டிக் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கார்ப்பரேட்டரை காதால் கேட்டே சரிசெய்கிற மூத்த மெக்கானிக்குகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்த வித்தையை லேத்தில் கடைந்து எடுக்க முடியாது.

பெட்ரோல் மாறிப்போச்சு!

இப்போது பேச்சு சூடாவது இந்த இடத்தில்தான். நாடு முழுக்க பங்க்குகளில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. கரும்பு, தானியங்களிலிருந்து எத்தனால் எடுப்பதால் விவசாயிக்கு வருமானம், கச்சா எண்ணெய் இறக்குமதியும் குறையும் என்பது அரசின் கணக்கு. ஆனால், எத்தனால் என்ற வார்த்தையே காதில் விழாத காலத்தில் செய்த இன்ஜின்கள் இவை.

எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து, பின்னர் 10 சதவிகிதக் கலப்புக்கு ஏற்பச் சரிசெய்த நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவிகிதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது.

மைலேஜ்கூடப் பரவாயில்லை. பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப்பின் டயாஃப்ரமையும் எத்தனால் ஊறவைத்து இளக்கிவிடும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால், மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியின் டேங்க்குக்குள் துருப்பிடிக்கும். இளகிய குழாய் சூடான இன்ஜின் மேல் கசிந்தால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

அதற்காக வண்டியை விற்க வேண்டியதில்லை. பெட்ரோல் குழாய் முழுவதையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவது, ஃபில்டரை அடிக்கடி பார்ப்பது, வாரம் ஒருமுறையாவது வண்டியை ஓட்டுவது, கார்ப்பரேட்டரைப் புதுப் பெட்ரோலுக்கு ஏற்ப டியூன் செய்வது என்று வழிகள் இருக்கின்றன. காருக்குள் பெட்ரோல் வாசம் வந்தால், அன்றைக்கு அந்த வண்டி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

ஆர்.சி. பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

"பதினஞ்சு வருஷம் ஆனா வண்டியைப் பிடுங்கிடுவாங்களாமே?" என்று கேட்காதவர் இல்லை. பெட்ரோல் காருக்கு 15 ஆண்டு, டீசல் காருக்கு 10 ஆண்டு என்ற கெடு டெல்லி வட்டாரத்துக்காக வந்தது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காரை, வயதை மட்டும் காட்டி நிறுத்த முடியாது. முதல் 15 ஆண்டு முடிந்ததும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரி தனி.

செலவுதான் ஏறிவிட்டது. முன்பு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம், 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்ட்டில் வந்த அறிவிப்பின்படி, 20 வயது தாண்டிய காருக்கு 10,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டிக்கு இது சின்னத் தொகை இல்லை.

ஐம்பது வயது தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021 முதல் 'விண்டேஜ்' பதிவும் உண்டு. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். ஆண்டாள் கோயிலுக்கும் பால்கோவா வாங்கவும் நினைத்தபோது ஓட்ட விரும்புகிறவர்களுக்கு இது சரிவராது.

பல வீடுகளில் மறந்துபோகிற விஷயம் ஒன்று. அப்பா பெயரிலேயே ஆர்.சி. இருக்கும், அவர் காலமாகிப் பல வருஷம் ஆகியிருக்கும். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால் இன்ஷூரன்ஸில் சிக்கல், பதிவைப் புதுப்பிப்பதிலும் சிக்கல். ஆசையாகக் காப்பாற்றிய வண்டி, காகிதத்தால் ஷெட்டில் முடங்கிவிடும்.

அசலா, வசதியா?

எந்தக் கூட்டத்திலும் முடிவுக்கு வராத வழக்கு இது. பழைய டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போடலாமா? ஏ.சி. மாட்டலாமா? 'ஒரு நட்டுகூட மாறக் கூடாது' என்பது ஒரு கட்சி. 'ஓடினால்தான் கார், ஓடாவிட்டால் பொம்மை' என்பது இன்னொரு கட்சி. சட்டம் நடுவில் நிற்கிறது. சின்ன மாற்றங்களுக்குத் தடையில்லை. இன்ஜினையோ உடலமைப்பையோ மாற்றுவதென்றால் பதிவு அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

இதற்கான பதில் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே நின்றுகொண்டிருக்கிறது. ஆடிப்பூரத்துக்கு ஓடுகிற ஆண்டாள் தேருக்கு மரச்சக்கரங்கள் போய் இரும்புச் சக்கரங்கள் வந்துவிட்டன. அதனால் அது வேறு தேர் என்று யாரும் சொல்வதில்லை. வடம் பிடிக்கக் கை இருக்கும்வரை தேர் ஓடும்.

பழைய காரும் அப்படித்தான். சோக்கை எவ்வளவு இழுத்தால் வண்டி கிளம்பும் என்பதை அப்பா பிள்ளைக்குச் சொல்லித்தரும்வரை அது ஓடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷெட்டைத் திறக்கும்போது, வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு திறந்தால் நல்லது.