கோடு தப்பினால் மரம் போச்சு!

காதில் ஒரு பென்சில். இடுப்பில் ஒரு டேப். இந்த இரண்டும் இல்லாத தச்சரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்க முடியாது!

ஒரு டீயின் விலைகூடப் பெறாத அந்தப் பென்சில்தான், பல ஆயிரம் ரூபாய் மரத்தின் தலையெழுத்தை எழுதுகிறது. அறுப்பதும் இழைப்பதும் பிறகு வரும் வேலை. முதலில் வருவது கோடு. அது ஒரு நூல் தப்பினால், மரம் போச்சு. கூலி போச்சு. அன்றைய பொழுதும் போச்சு!

'நூல்' என்பது தச்சர்களின் கணக்கு. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு ஒரு நூல். மில்லிமீட்டரில் சொன்னால் மூன்றுக்குக் கொஞ்சம் அதிகம்.

கார் ஊரில் மரப் பெட்டி

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது கார்தான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் தயாராகத் தொடங்கின. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலையும் அங்கே வந்தது. தலைமுடியின் கனத்தைவிடச் சிறிய அளவையும் கருவி வைத்துப் பார்க்கும் இடங்கள் இவை.

ஆனால், இந்த வட்டாரத்தில் செய்யும் இயந்திரங்களும் உதிரி பாகங்களும் கப்பல் ஏறும்போது, பல சமயம் மரப் பெட்டிக்குள்தான் போகின்றன. அல்லது 'பேலட்' என்னும் மரத் தட்டின்மேல் உட்கார்ந்து போகின்றன.

ஒரே அளவில் ஆயிரம் பேலட் என்றால், இயந்திர ரம்பம் அறுத்துத் தள்ளிவிடும். ஒரே ஓர் இயந்திரத்துக்கு ஒரே ஒரு பெட்டி என்று வந்துவிட்டால்? அப்போது டேப்பும் பென்சிலும் வெளியே வந்துதான் ஆக வேண்டும்.

கனமான இயந்திரம் ஒன்றைப் பெட்டியின் அடிக்கட்டையோடு போல்ட் போட்டு முடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டையில் நான்கு துளைகள். துளைக்குப் போட்ட குறி இரண்டு நூல் தள்ளிப் போய்விட்டது. போல்ட் இறங்காது! கிரேன் இயந்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். லாரி வாசலில் நிற்கும். கப்பல் மட்டும் நிற்காது!

வீட்டிலும் இதே கதைதான். ஆலைகளைச் சுற்றிப் புதிது புதிதாக வீடுகள் எழும்புகின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் நிலை, கதவு, ஜன்னல் வேண்டும். நிலையின் இரண்டு கால்களில் ஒன்று ஒரு நூல் நீண்டுவிட்டால், சட்டம் கோணும், கதவு இடிக்கும். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பினால், கேட்கவே வேண்டாம். வீட்டுக்காரர் மரத்தைத் திட்டுவார். பாவம், மரம் என்ன செய்யும்?

எந்த மரத்துக்கு எந்தப் பென்சில்?

பள்ளிக்கூடப் பென்சிலில் 'எச்.பி.' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'எச்' என்றால் கடினம். 'பி' என்றால் கருமை. எச்.பி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது. 2எச், 4எச் என்று போகப் போகக் கடினம் கூடும், கோடு மெலியும், முனையும் சீக்கிரம் மழுங்காது. 2பி, 4பி என்று போனால் கோடு கறுப்பாக விழும்; ஆனால் முனை சட்டென்று தேய்ந்துவிடும்.

அறுத்துவந்த சொரசொரப்பான பலகைக்குத் தட்டையான தச்சுப் பென்சில்தான் சரி. அது ஏன் தட்டை தெரியுமா? சாய்ந்த பலகையில் வைத்தாலும் உருண்டு ஓடாது! உள்ளே இருக்கும் கரியும் பட்டையாக இருப்பதால் எளிதில் ஒடியாது. அதைச் சீவுவதற்குத் துருவி வேண்டாம். உளியோ கத்தியோ போதும். ஊசி முனையாகச் சீவாமல், உளியின் வாய்போலத் தட்டையாகச் சீவ வேண்டும்.

இழைத்து வழவழப்பான தேக்கில் இந்தப் பட்டைப் பென்சிலைக் கொண்டு போகாதீர்கள். அங்கே 2எச் பென்சில் போதும். பெட்டிகளுக்கு வாங்கும் பைன் மரம் மிருதுவானது. அதில் 2எச் வைத்து அழுத்தினால் பள்ளம் விழும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அந்தப் பள்ளம் போகாது. பைனுக்கு எச்.பி.யே நல்லது. ஈட்டி போன்ற கறுத்த மரங்களில் கரிக்கோடு கண்ணுக்கே தெரியாது. வெள்ளை அல்லது மஞ்சள் வண்ணப் பென்சில் எடுங்கள்.

பிளைவுட்டில் வேலை செய்கிறவர்கள் இப்போது பொத்தானை அழுத்தினால் கரி வெளியே வரும் பென்சிலை விரும்புகிறார்கள். சீவும் வேலை இல்லை. கோடும் ஒரே கனத்தில் விழுகிறது. சொரசொரப்பான மரத்தில் மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள். பொடிப்பொடியாக ஒடியும்!

பால்பாயிண்ட் பேனாவா? என்னைக் கேட்டால், அதைப் பட்டறைக்குள்ளேயே விடக்கூடாது என்பேன். மை மரத்துக்குள் ஊறிவிடும். வார்னிஷ் அடித்த பிறகு அது எட்டிப் பார்க்கும். சில சமயம் பரவியும் விடும். பென்சில் கோடோ, உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்தால் போய்விடும்.

நாக்கில் தொடாதீர்கள்!

பென்சில் முனையை நாக்கில் நனைத்து எழுதும் வழக்கம் நம் பெரியவர்களிடம் உண்டு. சாதாரணப் பென்சிலில் ஈயம் கிடையாது. உள்ளே இருப்பது கிராபைட். அதாவது கரி! வைரத்துக்கும் அடுப்புக்கரிக்கும் உறவினர். நம் சிவகங்கைப் பக்கம் பூமியில் வெட்டி எடுக்கிறார்கள். ஆனால் 'காப்பியிங் பென்சில்' என்று ஒன்று உண்டு. ஈரம் பட்டால் ஊதா நிறமாக மாறும். அதில் சாயம் கலந்திருக்கிறது. அதை மட்டும் வாயில் வைக்கவே கூடாது. குழந்தைகள் கையிலும் கொடுக்கக்கூடாது. மரத்திலும் அதன் கறை லேசில் போகாது.

சுத்தமான கிராபைட் 1560-களில் இங்கிலாந்தில் பாரோடேல் என்ற மலைப் பகுதியில் அகப்பட்டது. ஆட்டு இடையர்கள் தங்கள் ஆடுகளுக்கு அடையாளக் கோடு போட அதைப் பயன்படுத்தினார்கள் என்று சொல்வார்கள். பின்னால் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் சண்டை வந்தது. பிரான்சுக்கு கிராபைட் வருவது நின்றது. கான்டே என்ற பிரெஞ்சுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? கிராபைட் தூளைக் களிமண்ணோடு பிசைந்து சூளையில் சுட்டார்! இது நடந்தது 1795-ல். களிமண் கூடினால் கடினப் பென்சில். குறைந்தால் மிருதுவான பென்சில். இன்றுவரை அதே முறைதான்.

நம் நாட்டுப் பென்சிலுக்கு மேல் மரம் எங்கிருந்து வருகிறது? பெரும் பகுதி காஷ்மீரிலிருந்து! புல்வாமா மாவட்டத்தில் உக்கூ என்ற கிராமத்தில் பாப்ளர் மரத்தைச் சிறு பலகைகளாக அறுத்து, பென்சில் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். காஷ்மீரத்து மரம் நம் தச்சரின் காதில் உட்கார்ந்திருக்கிறது!

கத்தி போடும் கோடு

பென்சில் எவ்வளவு கூராக இருந்தாலும் அதன் கோட்டுக்குக் கனம் உண்டு. மழுங்கிய பென்சில் என்றால் ஒரு மில்லிமீட்டர்கூட வரும். அண்ணன் அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் அறுக்கிறார். தம்பி இடப்பக்கம் அறுக்கிறார். இரண்டு பலகைக்கும் அளவு ஒன்றுதான். ஆனாலும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிட்டது! அலமாரித் தட்டு ஆட்டம் காண்பது இப்படித்தான்.

ஆகவே, கோடு போட்டவுடன் கழிவுப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். ரம்பத்தின் பல்லுக்கும் கனம் உண்டு. அது தின்னும் மரம் அந்தக் கழிவுப் பக்கத்தில் போகட்டும்.

துளையும் நாக்கும் இறுக்கமாகச் சேர வேண்டிய இடத்தில் பென்சிலே வேண்டாம். அங்கே கூர்மையான கத்தி வேண்டும். மூலைமட்டத்தை அணைத்துப் பிடித்து, மரத்தின் ரேகைக்குக் குறுக்கே ஒரு கீறல். முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் அழுத்தி. கத்திக் கோடு மரநாரை வெட்டிவிடுகிறது. உளியை அந்தக் கீறலில் வைத்தால், அது தானாக உட்கார்ந்துகொள்ளும். ஓரமும் சிராய் பெயராது.

ரேகையின் போக்கிலேயே கத்தியை ஓட்டினால் அது ரேகை இழுத்த பக்கம் போகும். அந்த வேலைக்கு, கட்டையில் ஆணி பொருத்திய மார்க்கிங் கேஜை எடுங்கள். கத்திக் கோட்டை அழிக்கவும் முடியாது. அதனால் முதலில் பென்சிலால் லேசாகப் போட்டுப் பார்த்து, மறுபடி அளந்து, அப்புறம் கத்தியை எடுப்பவரே கெட்டிக்காரர்.

அளவுக் குச்சி

டேப் முனையில் இருக்கும் கொக்கி லொட லொடவென்று ஆடும். "டேப் கெட்டுவிட்டது" என்று அதைத் தட்டி இறுக்கிவிடாதீர்கள்! வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். விளிம்பில் மாட்டி இழுக்கும்போதும், சுவரில் முட்டி அளக்கும்போதும், கொக்கியின் கனம் கணக்கில் சரியாக வருவதற்காகத்தான் அந்த ஆட்டம்.

டேப்பில் அளவு பார்த்ததும் ஒற்றைக் கோடாக இழுக்காமல், காக்கையின் கால்போல இரண்டு சிறு கோடுகள் போடுங்கள். அவை சேரும் முனைதான் அளவு. அந்த முனையில் பென்சிலை முதலில் ஊன்றுங்கள். மூலைமட்டத்தைப் பென்சிலை நோக்கி நகர்த்தி, அதைத் தொட்டதும் கோடு இழுங்கள். மட்டத்தை முதலில் வைத்தால் பென்சிலின் கனம் அளவைத் தின்றுவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. இருபது பலகை ஒரே அளவில் வேண்டுமா? இருபது முறை டேப் பிடிக்காதீர்கள். ஒரு குச்சியில் எல்லாக் குறிகளையும் ஒரு முறை போடுங்கள். அந்தக் குச்சியை வைத்தே எல்லாப் பலகைக்கும் குறியுங்கள். பெட்டிச் சட்டம் கூடியபின், மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சட்டம் கோணவில்லை.

பென்சிலுக்கு அனுமதி இல்லை!

பெட்டி முடிந்தது. இனி அது கப்பல் ஏற வேண்டும். மரத்தோடு பூச்சியும் அயல்நாடு போய்விடக் கூடாது அல்லவா? அதற்காகச் சர்வதேச விதி ஒன்று இருக்கிறது. சூடு காட்டும் முறையில், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏற வேண்டும். அந்தச் சூடு 30 நிமிடம் குறையாமல் நிற்க வேண்டும். அப்படிச் செய்ததற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் சின்னம், நாட்டின் குறியெழுத்து, செய்தவரின் எண் எல்லாம் சேர்ந்த முத்திரை விழும்.

அந்த முத்திரையைக் கையால் வரையக் கூடாது. அச்சாகவோ சூட்டுக் கோலாகவோதான் பதிக்க வேண்டும். சிவப்பு, ஆரஞ்சு நிறங்களையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். அவை அபாயச் சரக்குகளின் அடையாள நிறங்கள். பெட்டி முழுவதும் கோடு போட்ட தச்சர், இந்த ஓர் இடத்தில் மட்டும் பென்சிலைத் திரும்பக் காதில் செருகிக்கொள்கிறார்!