கோடை வெப்பமும் மனநல மருந்துகளும்

2024 மே 29 அன்று தில்லி சப்தர்ஜங்கில் வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியசை எட்டியது. இத்தகைய வெயில் கடும் மனநோய் உடையோரைப் பிறரினும் மிகுதியாகத் தாக்கும். 2021-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வீசிய வெப்ப அலையில், மனச்சிதைவு நோயாளரிடையே இறப்பு பெரிதும் மிகுந்திருந்தது.

மனச்சிதைவுக்கான சில மருந்துகள் வியர்வையைக் குறைத்து, உடல் குளிர்வதைத் தடுக்கும். இருதுருவ மனநோய்க்கு லித்தியம் உண்போரின் உடலில் நீர் வற்றினால், குருதியில் அம்மருந்து நச்சளவுக்கு உயரக்கூடும்.

ஆயினும் மருந்தைத் தாமே நிறுத்தலாகாது. கோடைக்கு முன்னரே மருத்துவரின் ஆலோசனையைப் பெறுதல் நலம். வீட்டார் வேளைதோறும் நீர் அருந்தச் செய்தல் வேண்டும். கைநடுக்கம், தள்ளாட்டம், மனக்குழப்பம் தோன்றின் உடனே மருத்துவமனையை நாடுக. மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி-மானஸ் எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது.