‘என் பிள்ளை எங்கே?’ – நெருக்கடி நேரத்தில் பள்ளி என்ன சொல்ல வேண்டும்?

அமெரிக்காவில் ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை ‘பள்ளி மாவட்டம்’ என்ற அமைப்பு நடத்துகிறது. பல பள்ளி மாவட்டங்களில், நம் பள்ளிகளில் இல்லாத ஒரு பணியிடம் உண்டு: பள்ளி மக்கள் தொடர்பு அலுவலர். பெற்றோருக்குச் செய்திமடல் எழுதுவது, வரவு செலவை ஊர் மக்களுக்குப் புரியும்படி விளக்குவது, செய்தியாளர்களின் கேள்விகளுக்குப் பதில் தருவது ஆகியவை இவரது அன்றாட வேலைகள். இத்துறையினருக்கென ஒரு தேசியச் சங்கம் 1935 முதல் இயங்கிவருகிறது. ஆசிரியராகவோ செய்தியாளராகவோ இருந்து இப்பணிக்கு வந்த பெண்கள் இதில் நிறையப் பேர்.

பள்ளியில் ஓர் அசம்பாவிதம் நடக்கும் நாளில்தான் இப்பணியின் முழுப் பொருளும் வெளிப்படுகிறது. அன்று எல்லாப் பெற்றோரும் கேட்பது ஒரே கேள்வி: ‘என் பிள்ளை எங்கே?’

ஒரு பெண் வகுத்த ஆறு நெறிகள்

நெருக்கடிக் காலத் தகவல் தொடர்பைக் கற்றுத்தரக்கூடிய ஒரு பாடமாக ஆக்கியதில் முக்கியப் பங்கு பார்பரா ரெனால்ட்ஸ் என்பவருக்கு உண்டு. அவர் அட்லாண்டாவில் உள்ள அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் பணியாற்றியவர். 2001ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் அந்நாட்டில் ஆந்த்ராக்ஸ் கிருமி கலந்த கடிதங்கள் அஞ்சலில் அனுப்பப்பட்டு, 5 பேர் இறந்தனர். மக்கள் அச்சத்தில் இருக்கும்போது அரசு எப்படிப் பேச வேண்டும் என்ற கேள்வி அப்போது கூர்மையாக எழுந்தது. அடுத்த ஆண்டே அம்மையம் ஒரு பயிற்சி நூலை உருவாக்கியது. அதன் முதன்மை ஆசிரியர் ரெனால்ட்ஸ்.

அந்தப் பயிற்சியின் சாரம் ஆறு நெறிகள்: முதலில் சொல்லுங்கள், சரியானதைச் சொல்லுங்கள், நம்பகமாக இருங்கள், துயரத்தை உணர்ந்து பேசுங்கள், மக்கள் செய்யத்தக்க ஒன்றைச் சொல்லுங்கள், அவர்களை மதித்துப் பேசுங்கள்.

இவை பொதுச் சுகாதாரத்துக்காக வகுக்கப்பட்டவை. ஆனால் பள்ளிக்கும் அப்படியே பொருந்துகின்றன. இவற்றுள் முதல் இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதுபோலத் தோன்றும். விரைந்து சொன்னால் தவறு நேரலாம். சரிபார்க்கக் காத்திருந்தால் வதந்தி முந்திக்கொள்ளும். பள்ளிகள் அதிகம் தடுமாறியது இந்த இடத்தில்தான்.

தவறிய தகவல்கள்

1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 25 பேர் வரை இறந்திருக்கலாம் என்று அன்று அதிகாரிகள் கூறினர். கொல்லப்பட்டவர்கள் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் என்பது பிறகு உறுதியானது. அருகிலிருந்த தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்த பெற்றோருக்கு, அந்தத் தவறான எண்ணிக்கை எப்படி இருந்திருக்கும்?

2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹுக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் பள்ளிப் பணியாளர் 6 பேரும் கொல்லப்பட்டனர். உள்ளூர் நாளிதழ் தன் இணையப் பக்கத்தில் பள்ளித் தலைமையாசிரியர் கூறியதாக ஒரு செய்தியை வெளியிட்டது. அவரோ கொல்லப்பட்டவர்களுள் ஒருவர். வேறொருவர் தம்மைத் தலைமையாசிரியர் என்று கூறியதை நம்பி வெளியிட்ட அந்தச் செய்திக்காக நாளிதழ் வருத்தம் தெரிவித்தது.

2022 மே 24 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டி நகரில் நடந்தது இன்னும் பெரிய பாடம். கொலையாளி பள்ளிக்குள் நுழைந்த பத்து நிமிடத்தில், காலை 11.43 மணிக்கு, முகநூலில் ஓர் அறிவிப்பு வந்தது. அருகில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதால் பள்ளி பூட்டப்பட்டுள்ளது என்றும், மாணவர்களும் பணியாளர்களும் பாதுகாப்பாக உள்ளனர் என்றும் அது கூறியது. அந்நேரத்தில் வகுப்பறைக்குள் குழந்தைகள் சுடப்பட்டிருந்தனர். அன்று 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் உயிரிழந்தனர். காத்திருந்த குடும்பங்களிடம், உயிர் தப்பிய குழந்தைகளோடு இன்னொரு பேருந்து வருகிறது என்று சொல்லப்பட்டது. அப்படி ஒரு பேருந்து வரவே இல்லை. அமெரிக்க நீதித்துறை 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வறிக்கை இத்தகைய தவறான தகவல்களைக் கடுமையாகக் குறை கூறியது.

‘பள்ளி பூட்டப்பட்டுள்ளது’ என்பது தெரிந்த செய்தி. ‘அனைவரும் பாதுகாப்பாக உள்ளனர்’ என்பது விருப்பம். முதலாவதை உடனே சொல்லியிருக்கலாம். இரண்டாவதை யாரும் சரிபார்க்கவில்லை. ஆக, ‘முதலில் சொல்’ என்பதற்கு ‘எல்லாவற்றையும் சொல்’ என்று பொருளல்ல. உறுதியாகத் தெரிந்தது எது, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்ற மூன்றை மட்டும் சொன்னால், விரைவும் உண்மையும் சேர்ந்தே இருக்கும்.

பிள்ளையை ஒப்படைக்கும் முறை

2006இல் கொலராடோவின் பிளாட் கேன்யன் உயர்நிலைப் பள்ளியில் எமிலி கீஸ் என்ற மாணவி பிணைக்கைதியாகப் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய பெற்றோர் தொடங்கிய அறக்கட்டளை, நெருக்கடிக்குப் பின் குழந்தைகளைப் பெற்றோரிடம் ஒப்படைக்க ஒரு முறையை வகுத்தது. பெற்றோரும் குழந்தைகளும் தனித்தனி இடங்களில் இருப்பார்கள். பெற்றோர் ஓர் அட்டையை நிரப்பி, அடையாளச் சான்றைக் காட்டுவார்கள். அட்டையின் ஒரு பாதியுடன் ஒரு பணியாளர் சென்று அந்தக் குழந்தையை அழைத்துவருவார். யார், யாரிடம், எப்போது ஒப்படைக்கப்பட்டார் என்பது பதிவாகும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஏதேனும் ஒரு குழந்தை அங்கு இல்லையென்றால், அந்தப் பெற்றோரைக் கூட்டத்திலிருந்து விலக்கி, தனியிடத்தில் அமரவைத்துப் பேச முடியும்.

நம் பள்ளிகளில்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். நெருக்கடி என்பது பெருந்துயரமாகவே வர வேண்டும் என்பதில்லை. வகுப்பறையில் மேற்பூச்சு பெயர்ந்து விழுவது, பள்ளி வாகன விபத்து, உணவு ஒவ்வாமை என எதுவாகவும் இருக்கலாம். நமக்குத் தனி அலுவலர் இல்லை. அந்தப் பொறுப்பு தலைமையாசிரியர் மீதும் வகுப்பாசிரியர்கள் மீதும்தான் விழுகிறது.

மதிய உணவுக்குப் பின் சில குழந்தைகள் வாந்தி எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்தவுடன், அந்தக் குழந்தைகளின் பெற்றோரிடம் தொலைபேசியில் நேரடியாகப் பேச வேண்டும். மேலதிகாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகே வாட்ஸ்அப் குழுவில் பொதுச் செய்தி. அது இப்படி இருக்கலாம்:

“இன்று மதிய உணவுக்குப் பின் சில குழந்தைகளுக்கு வாந்தி ஏற்பட்டது. அவர்கள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டுள்ளனர். ஆசிரியர்கள் இருவர் உடன் இருக்கிறார்கள். அவர்களின் பெற்றோர் அனைவரிடமும் பேசிவிட்டோம். உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது. மற்ற குழந்தைகள் வகுப்பறையில் ஆசிரியர்களுடன் இருக்கிறார்கள். குழந்தையை அழைத்துச் செல்ல விரும்புவோர் முன்வாசலில் கையொப்பமிட்டு அழைத்துச் செல்லலாம். அடுத்த தகவல் 2.30 மணிக்கு.”

இதில் காரணம் சொல்லப்படவில்லை. அதை மருத்துவர்களும் அதிகாரிகளும்தான் கூற முடியும். குழந்தைகளின் பெயர்கள் இல்லை. ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்ற உறுதிமொழியும் இல்லை. 2.30 மணிக்குப் புதிய செய்தி இல்லாவிட்டாலும், ‘புதிய தகவல் இல்லை, அடுத்து 3.30க்கு’ என்றாவது சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வரி பல வதந்திகளைத் தடுக்கும்.

செய்தியாளர்களிடம் பேசுவது அரசுப் பணியாளர் நடத்தை விதிகளுக்கு உட்பட்டது. யார் பேசுவது என்பதை மேலதிகாரிகளிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவு பெற வேண்டும். குழந்தைகளின் அடையாளத்தைக் காப்பது சட்டக் கடமையும்கூட. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும், பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் முதலியவை வெளிவருவதைத் தடை செய்கின்றன. ‘நம் ஆசிரியர் குழுதானே’ என்று ஒரு படத்தைப் பகிர்ந்தாலும், அது எங்கு போய்ச் சேரும் என்பது நம் கையில் இல்லை.

மறுநாள் வகுப்பறைக்கு வரும் மாணவர்களிடமும் பேச வேண்டும். அவர்கள் ஏற்கெனவே ஏதேதோ கேள்விப்பட்டிருப்பார்கள். வயதுக்கேற்ற எளிய சொற்களில் நடந்ததைக் கூறி, கேள்விகளுக்கு இடம் கொடுத்து, கலங்கியிருப்பவர்களைக் கவனிக்க வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 வகுப்பறைச் சுவரில் இருக்கட்டும்.

ரெனால்ட்ஸ் கூறிய நம்பகத்தன்மையை நெருக்கடி நாளில் புதிதாக உண்டாக்கிவிட முடியாது. வருகை குறைந்தபோது அழைத்துப் பேசிய ஆசிரியர், கழிப்பறை பழுதை மறைக்காமல் சொன்ன தலைமையாசிரியர் ஆகியோரின் சொல்லையே பெற்றோர் அன்றும் நம்புவார்கள்.

எனவே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மூன்று பணிகளை முடித்துவிடலாம். எல்லாப் பெற்றோரின் தொலைபேசி எண்களையும் வகுப்புவாரியாகத் தாளில் எழுதி இரண்டு இடங்களில் வைத்தல். பெற்றோருக்குச் செய்தி அனுப்பும் பொறுப்பை ஒருவருக்கும், அவர் இல்லாதபோது இன்னொருவருக்கும் ஒதுக்குதல். அவசர நாளில் குழந்தைகளை எந்த வாசலில், எந்தப் பதிவேட்டில் கையொப்பம் பெற்று ஒப்படைப்பது என்று முடிவு செய்தல். இவற்றுக்கு ஒரு மணி நேரம் போதும்.