தையலுக்குப் பின்னால் ஒரு மனிதர்

அவசர வயிற்று அறுவைச் சிகிச்சை உயிரைக் காப்பாற்றிவிடுகிறது. பிறகு நோயாளி எப்படி வாழப்போகிறார் என்பது வார்டில் நர்ஸ் போடும் திட்டத்தைப் பொறுத்தது.

டெல்லியின் பெரிய அரசு மருத்துவமனைகளில் இப்படியொரு நோயாளியைப் பார்ப்பது அரிதல்ல. பீகாரிலிருந்து வந்து செங்கல் சுமக்கும் இளைஞர். பத்து நாள் காய்ச்சலைக் கடை மாத்திரையில் ஓட்டியிருப்பார். கடைசியில் டைஃபாய்டு சிறுகுடலைத் துளைத்துவிட, நள்ளிரவில் ஆபரேஷன். கண் விழித்தால் மூக்கில் குழாய். வயிற்றின் வலப்பக்கம் சிவப்பாக வெளியே தெரியும் குடல். அதன் மேல் ஒரு பை.

நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால் இதையெல்லாம் முன்பே விளக்கியிருப்பார்கள். அவசரத்தில் கைநாட்டு வாங்கத்தான் நேரம் இருந்தது. விட்டுப்போன அந்தப் பேச்சை நர்ஸ்தான் தொடங்க வேண்டும்.

நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், சிறுநீர் ஆகியவற்றின் கணக்கு எல்லா நோயாளிக்கும் ஒன்றுதான். சிறுநீர் மணிக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு அரை மில்லிக்குக் குறையக் கூடாது. சில நாள் கழித்துக் காய்ச்சல் திரும்பி நாடியும் வேகமெடுத்தால், வயிற்றுக்குள் சீழ் பிடிக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

மற்றவை ஆளுக்கு ஆள் மாறும். ‘வலிக்கிறதா?’ என்று கேட்டால் சுமை தூக்கிப் பழகியவர் இல்லை என்றே சொல்லக்கூடும். ‘இருமினால் வலிக்கிறதா?’ என்று கேட்க வேண்டும். வலிக்குப் பயந்து மூச்சை அடக்கினால் சளி தேங்கி நிமோனியா வரும். வலி மருந்து கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கியதும் வயிற்றில் தலையணையை அணைத்தபடி இருமச் சொல்லலாம். உடல்நிலை இடம் கொடுத்தால் மறுநாளே நடக்க வைக்கலாம்.

அடுத்தது பை. அது நிரம்புமே என்று அஞ்சி, சிலர் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார்கள். ஆபத்து இங்கேதான். சிறுகுடல் வழியே உப்பும் நீரும் சேர்ந்து வெளியேறுகின்றன. ஒரு நாளில் ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் உடல் வறண்டுபோகும். வெறும் தண்ணீர் போதாது, உப்பு-சர்க்கரைக் கரைசல் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் பையைக் காலி செய்ய வேண்டும். வெளியே தெரியும் குடல் கறுத்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இதை யாருக்குக் கற்றுத்தருவது? மனைவி ஊரில், கட்டிலருகே இருப்பவர் கூட வேலை செய்பவர். தங்கும் இடத்தில் குழாயடி உண்டா? பொதுக் கழிப்பறையா? பை வாங்கப் பணம் இருக்கிறதா? பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் குடலை மீண்டும் உள்ளே வைத்துவிடலாம். இதைச் சொல்லாவிட்டால் ஆயுள் முழுக்கப் பைதான் என்று அவர் நொந்துபோவார். குறைந்தது ஆறு வாரம் செங்கல் தூக்கக் கூடாது என்பதையும் சொல்லாவிட்டால், பதினைந்தாம் நாளே வேலைக்குப் போய்விடுவார்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று நர்ஸ்கள் கேட்பதில் நியாயம் உண்டு. பயிற்சி மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்றவற்றில் ஐந்துக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. இரவில் ஒரே நர்ஸ் ஒரு வார்டு முழுவதையும் பார்க்கும் இடங்கள் ஏராளம். ஆள் போடாமல் அக்கறையை மட்டும் எதிர்பார்ப்பது அநியாயம்.

ஆனாலும் பை மாற்றும்போதே கேட்டுவிடக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: ‘ஊருக்கு ரயிலில் எத்தனை மணி நேரம்?’ கையில் எத்தனை பை, எத்தனை பொட்டலம் உப்புக்கரைசல் கொடுத்தனுப்புவது என்று அந்தப் பதில்தான் சொல்லும்.