துவாரகாவின் விளிம்பில் ஒரு கருங்கௌதாரி

தலைநகர் தில்லியின் தென்மேற்கு மூலையில், அடுக்குமாடிக் குடியிருப்புகளாலும் செக்டார் எண்களாலும் அறியப்படும் துவாரகாவில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. பறவைகளைக் காண விடுமுறை நாள்களில் பரத்பூருக்கும் சுல்தான்பூருக்கும் சென்று வருவோர் அவர்களுள் உண்டு. ஆனால் வீட்டிலிருந்து அரைமணி நேரப் பயணத்தில், நஜஃப்கர் கால்வாய்க் கரையில், கருங்கௌதாரி கூவுவதை அறிந்தவர் மிகச் சிலரே.

கௌதாரி நமக்குப் புதிய பறவை அன்று. பழந்தமிழில் சிவல் என்று வழங்கியதும் அதுவே. தமிழ்நாட்டு மானாவாரி நிலங்களில் நாம் காணும் சாம்பல் நிறக் கௌதாரியின் அறிவியற்பெயரில் புதுச்சேரியின் பெயரே அமைந்துள்ளது. அந்த இனம் தில்லியிலும் ஏராளம்; துவாரகாவின் காலி மனைகளில்கூடக் குடும்பமாக ஓடித் திரியும். கருங்கௌதாரியின் இயல்பு வேறு. தெற்கே அது இல்லை. சைப்ரஸ் தீவு முதல் வங்கதேசம் வரை பரவியிருந்தாலும், உயர்ந்த புல்லும் நீரோரமும் பயிர்நிலமும் ஒருங்கே அமைந்த இடத்தையே அது நாடும். சேவலின் உடல் கருமை, கன்னத்தில் வெண்திட்டு, கழுத்தைச் சுற்றிச் செம்பழுப்புப் பட்டை, விலாவில் வெண்புள்ளிகள். இத்தனை அழகும் பத்தடி தொலைவிலுள்ள புல்லுக்குள் மறைந்துவிடும். அரியானா இதனைத் தன் மாநிலப் பறவையாக ஏற்றிருக்கிறது.

இங்கிலாந்தில் இதற்கு இணையாக பிளாக் கிரௌஸ் என்னும் பறவையைச் சொல்லலாம். அதுவும் வேட்டைப் பறவை. அதன் சேவலும் கருநிறம். தென் இங்கிலாந்தின் புதர்வெளிகளிலும் ஒருகாலத்தில் வாழ்ந்த அது, இன்று பெரும்பாலும் பென்னைன் மலைத்தொடரின் வடபகுதியில் ஒடுங்கிவிட்டது. வசந்த காலத்து விடியலில் சேவல்கள் ஒரே திடலில் கூடி ஆடும். அதனைக் காண விரும்புவோர் இருள் பிரியுமுன்பே சென்று, காரைவிட்டு இறங்காமல் காத்திருக்கின்றனர்.

கருங்கௌதாரி அவ்வாறு கூட்டம் கூடுவதில்லை. ஒவ்வொரு சேவலும் தனக்கென்று ஒரு மேட்டையோ வரப்பையோ வைத்துக்கொண்டு தனித்தே கூவும். ஆகவே கண்ணைவிடக் காதே முதற்கருவி. ஏப்ரல் நடுவில், கோதுமை அறுவடை பாதி முடிந்திருந்த நாளொன்றில், சாவ்லா கிராமத்தைக் கடந்து கால்வாய்க் கரைச் சாலையில் தான்சா நோக்கி நாங்கள் சென்றோம். சூரியன் எழுமுன்பே முதற்குரல் கேட்டது. கரகரத்த, உலோகத்தில் தட்டியதைப் போன்ற குரல்; ஒரே தாளத்தில், சில நொடி இடைவெளியில், மீண்டும் மீண்டும்.

அக்குரலுக்கு வடநாட்டார் சொல்லும் பொருள் சுவையானது. சமயச் சான்றோருக்கு அது 'சுப்ஹான் தேரி குத்ரத்' என்று இறைவனின் வல்லமையைப் போற்றுகிறதாம். மளிகைக்காரருக்கு 'லஹ்சுன், பியாஜ், அத்ரக்' என்று பூண்டு, வெங்காயம், இஞ்சியை அடுக்குகிறதாம். மல்லருக்கோ தண்டால், கரளைக்கட்டை, கசரத்து. பால் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது என்னும் பொருளில் அது கூவுவதாகப் பேரரசர் பாபரும் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நம் வாடிக்கையாளர்களுக்கு 'வரவு, செலவு, இருப்பு' என்று கேட்டாலும் வியப்பதற்கில்லை!

குரல் கேட்பது எளிது. பறவையைக் காண்பது அரிது. அருகில் கேட்பதுபோல் தோன்றும் குரல் இருநூறு மீட்டர் தள்ளி ஒலித்துக்கொண்டிருக்கும். சேவல் தலையைத் திருப்பும்போதெல்லாம் ஒலி வரும் திசையும் மாறுவதுபோலிருக்கும். குரலைத் துரத்தாமல், சீமைக்கருவேல நிழலில் ஓரிடத்தில் நின்று, அறுத்த வயலின் விளிம்பைப் பைனாகுலரால் சிறிது சிறிதாகத் துழாவினோம். முக்கால் மணி நேரத்திற்குப்பின் வரப்பின்மேல் ஒரு மண்ணாங்கட்டி தலையை உயர்த்திக் கூவியது. வெண்கன்னம் வெயிலில் பளிச்சிட்டது. ஐந்து நிமிடம் அங்கேயே நின்று கூவிவிட்டு, நாணலுக்குள் நடந்தே சென்று மறைந்தது. பறந்து செல்வதைவிட நடந்து ஒளிவதே இதன் வழக்கம்.

அந்த நாணல்தான் இங்குக் கேள்விக்குறி. உலக அளவில் இப்பறவை அழிவின் விளிம்பில் இல்லை. ஆயினும் உள்ளூரில் மறைவதற்கு அது தேவையுமில்லை. சிசிலித் தீவில் வாழ்ந்த கருங்கௌதாரிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே வேட்டையால் மறைந்தன. துவாரகாவே முன்னர் பப்பன் கலான் என்று திட்டமிடப்பட்டு, சிற்றூர்களின் வயல்கள்மீது எழுந்த நகரம்தான். சாகிபி ஆற்றின் நீர் தான்சாவில் தில்லிக்குள் நுழைந்து, சுமார் 57 கி.மீ. கால்வாயாக ஓடி யமுனையில் கலக்கிறது. தில்லி, குருகிராம் எல்லையில் அது தேங்கி விரியும் தாழ்நிலமே நஜஃப்கர் ஏரி. ஏறத்தாழ 29 கி.மீ. நீளமுள்ள துவாரகா விரைவுச்சாலை திறக்கப்பட்டபின் சுற்றியுள்ள நிலத்தின் மதிப்பு வேறு. நிலம் வைத்திருப்போரைக் குறைசொல்லவும் இயலாது. ஆனால் இப்பறவை தரையில் சிறு குழி பறித்து முட்டையிடுவது. பெட்டை ஏறத்தாழ 18 நாள் அடைகாக்கும். வரப்போரப் புல்லைத் தீயிட்டு 'சுத்தம்' செய்வது ஒரு காலைநேர வேலை. அதில் அவ்வாண்டின் குஞ்சுகள் முழுவதும் போய்விடும். கால்வாய்க் கரையின் இருபுறமும் சில மீட்டர் அகலத்திற்குப் புல்லை வெட்டாமல் விட்டாலே போதும் என்பது எங்கள் கருத்து. அதற்குச் செலவு ஏதுமில்லை.

சண்டைக்காகவும் கூண்டில் வைத்துக் குரல் கேட்பதற்காகவும் கௌதாரிகளைப் பிடிக்கும் பழக்கம் வட இந்தியாவில் நெடுங்காலமாக இருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். சந்தையில் விற்பனைக்குக் கண்டால், இரக்கப்பட்டு வாங்கி விடுவிக்க வேண்டாம். அது அடுத்த பறவையைப் பிடிக்கத் தூண்டும். வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை.

காணச் செல்வோருக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை ஏற்ற காலம். விடியலில் அங்கிருக்க மெட்ரோவை நம்ப இயலாது. சொந்த வாகனமே உதவும். மாலையில் செல்வதாயின், துவாரகாவிலிருந்து நஜஃப்கர் வழியே செல்லும் சாம்பல் தடத்தில் 2021 முதல் தான்சா பேருந்து நிலையம் வரை ரயில் உண்டு. தான்சா கிராமம் அங்கிருந்து இன்னும் மேற்கே இருப்பதால் ஆட்டோ தேவைப்படும். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். கைப்பேசியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுச் சேவலை வரவழைக்கும் வழக்கத்தைத் தவிர்க்க வேண்டுகிறோம்; எதிரி வந்ததாக எண்ணி அது மேட்டைவிட்டு அலையும். ஜூலையில் மழை தொடங்கியபின் புல் ஆளுயரம் வளர்ந்துவிடும். அப்போதும் குரல் கேட்கும். பறவையைக் காண்பது மட்டும் கடினம்.