திறந்தவெளி முகப்படக்கலை: ஒளியும் உறவும்

ஒளியைக் கொண்டு உருவத்தைப் பதிவது ஒளிப்படக்கலை. அதனுள், ஒருவர்தம் முகத்தையும் முகத்தின் வழியே அகத்தையும் காட்ட முயல்வது முகப்படக்கலை. கூடத்தின் உள்ளே எடுப்பது உள்ளகப்படம், வெளியே கதிரவன் ஒளியில் எடுப்பது திறந்தவெளிப்படம் என அஃது இருவகைப்படும். கருவியின் முன் நிற்பவரை இன்று 'மாடல்' என்கின்றனர். அவரை 'முகங்கொடுப்பவர்' என நாம் வழங்கலாம். பிறரைப் பரிவோடு ஏற்றுப் பேசுவதை 'முகங்கொடுத்துப் பேசுதல்' என்பது நம் வழக்கு. ஆதலின் உருவத்தை மட்டுமன்றி உள்ளத்தையும் தருபவர் என்னும் பொருள் இச்சொல்லுள் இயல்பாகவே அடங்கியுள்ளது.

படத்தில் பதியும் ஒளியின் அளவை மூன்று கூறுகள் ஆள்கின்றன. வில்லையில் ஒளி நுழையும் துளை ஒளிவாய். ஒளி உள்ளே விழும் கால அளவு திறப்புப்பொழுது. பதிவுப்பரப்பு ஒளியை ஏற்கும் ஆற்றல் உணர்திறன். 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என ஏறும் ஒளிவாய் எண்களில், ஒவ்வொரு படியிலும் துளையின் பரப்பு பாதியாகக் குறைகிறது. திறப்புப்பொழுதை அப்போது இருமடங்காக்கினால் பதியும் ஒளி மாறாது. முகிலற்ற நண்பகலில் எண் 16, உணர்திறன் 100, நொடியில் நூற்றிலொரு பங்கு திறப்பு எனத் தொடங்குவது நெடுநாளைய நடைமுறை. ஒளிவாயை அகலத் திறந்தால் தெளிவு நிலவும் ஆழம் குறையும். பின்னே படகுகள் நின்றால் அவை மங்க, முகம் மட்டும் தெளிந்து நிற்கும்.

முகத்தின் வடிவு திரிந்து தோன்றுவதற்குக் காரணம் தொலைவே. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே 12 செ.மீ. எனக் கொள்வோம். மூக்கிலிருந்து 30 செ.மீ. தொலைவில் கைப்பேசியை நீட்டினால், காது 42 செ.மீ. தொலைவில் இருக்கும், எனவே காதோடு ஒப்பிட மூக்கு இயல்பினும் 1.4 மடங்கு பெருத்துக் காட்டும். இரண்டு மீட்டர் விலகி நின்றால் அம்மிகை 1.06 மடங்காகச் சுருங்கிவிடும்.

இனி, ஒளியின் இயல்பை நோக்குவோம். எடுத்துக்காட்டாக, பாக்கு நீரிணைக் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த மீமிசல் என்னும் ஊர், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. ஆகவே சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணி முற்பாதியிலும் நண்பகல் ஞாயிறு அங்கே உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். வானில் அரைப் பாகை அகலமே உடைய அச்சுடர் வீழ்த்தும் நிழல் கூர்மையானது. புருவ நிழல் கண்குழியை நிறைத்துவிடும். விடியலிலோ கதிர்கள் சாய்ந்து நெடுந்தொலைவு காற்றைக் கடந்து வருகின்றன; வழியில் நீலம் மிகுதியாகச் சிதற, எஞ்சிய செம்மை முகத்தில் படிகிறது. முகில் மூடிய பொழுதில் வானம் முழுவதுமே ஒரு பெருவிளக்காகி, நிழலின் விளிம்பை மென்மையாக்குகிறது.

இவ்வறிவு கைவர, குடும்பமே முதற் பயிற்சிக்கூடம். புதிதாக முகங்கொடுக்க வந்த ஒரு பெண் மீமிசல் கரையில் கதிரவனை நோக்கி நிற்கிறாள், கண்கள் சுருங்குகின்றன. அவளைத் திருப்பிக் கதிரவனுக்கு முதுகுகாட்டி நிற்கச் செய்கிறோம், முகம் இருள்கிறது. நம் சித்தியும் தம்பியும் ஒரு வெள்ளை வேட்டியை அவள் முன்னே விரித்துப் பிடிக்கின்றனர். "சித்தி, இன்னும் கொஞ்சம் இறக்கிப் பிடிங்க" என்றதும், வேட்டியில் பட்ட ஒளி எழுந்து மோவாயின் கீழ் நிழலைக் கரைக்கிறது. கருவிழியில் அரிசிமணி அளவு வெண்புள்ளி ஒன்று பிறக்கிறது. அதனை விழிச்சுடர் என்போம். சித்தி வீட்டுக்கதை ஒன்றைத் தொடங்க, அப்பெண்ணின் இறுகிய தோள்கள் தளர்கின்றன. படம் எடுக்கவேண்டிய நொடி அதுவே.

குடும்பத்தைப் பயிற்சிக்கூடமாகக் கொள்ளும் இவ்வழிக்குச் சான்று உண்டு. கல்கத்தாவில் 1815இல் பிறந்த சூலியா மார்கரெட் கேமரன், தம் 48ஆம் அகவையில், 1863இல், மகளும் மருமகனும் அன்பளிப்பாகத் தந்த கருவியைக் கொண்டு இக்கலையைக் கற்றார். இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த வீட்டுக் கோழிக்கூடு அவருடைய படக்கூடமாயிற்று. உறவினரும் பணிப்பெண்களும் அண்டை வீட்டாரும் முகங்கொடுத்தனர். ஒரு படத்திற்குப் பல மணித்துளிகள் அசையாதிருக்க வேண்டிய நாள் அது; உறவும் பழக்கமும் இன்றி எவர் அவ்வாறு அமர்வர்? 1875இல் இலங்கையில் குடியேறிய அவர், அங்குத் தோட்டத் தொழிலாளரான தமிழரையும் படமெடுத்தார். 1879இல் அத்தீவிலேயே மறைந்தார்.

ஒளிக்கு அளவு உண்டு. அவ்வளவை எண்ணால் கற்கலாம். நம்பிக்கைக்கு அளவுகோல் இல்லை. அதனை உறவால்தான் கற்கவேண்டும். இளையோரே, ஒளிவாய், திறப்புப்பொழுது, விழிச்சுடர் எனத் தமிழிலேயே சொல்லிப் பழகுங்கள். முகங்கொடுப்பவரின் இசைவைக் கேட்டபின் கருவியை உயர்த்துங்கள். எடுத்த படத்தை அச்சிட்டு, முதற்படியை அவர் கையிலேயே கொடுங்கள்.