சங்கிலியும் சட்டமும்

காவேரியில் புதுவெள்ளம் வந்துவிட்டால் தஞ்சைச் சீமையில் வரப்புக்கு வரப்பு ஒரே பேச்சுத்தான்: "கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும்?" கடைமடைக்காரன் ஏழையாயிருக்கலாம், வாய் திறந்து கேட்கத் தெரியாதவனாயிருக்கலாம். ஆயினும் அவனுடைய முறைத் தண்ணீரை மறிப்பது அநியாயம் என்பதை ஊரே ஒப்புக்கொள்ளும். தண்ணீர் விஷயத்தில் இத்தனை நியாயம் பேசும் நாம், மனோவியாதியால் பீடிக்கப்பட்ட சொந்தச் சகோதரன் விஷயத்தில் மட்டும் அந்த நியாயத்தை மறந்துவிடுகிறோம்.

புத்தி பேதலித்தவர்களைத் தெய்வ சந்நிதிக்கு அழைத்துச் செல்வது காவேரிக் கரையில் நெடுநாளைய வழக்கம். திருச்சிக்கு மேற்கே குணசீலத்தில் ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், தங்கவைத்து, உச்சிக்கால பூஜையில் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். கும்பகோணத்தை அடுத்த திருவிடைமருதூரையும் நாடி வருவோர் உண்டு. பக்தியைக் குறை கூறுவது நம் நோக்கமல்ல. நாம் ஆட்சேபிப்பது, வீட்டுக் கொல்லையிலோ புண்ணிய ஸ்தலத்திலோ, மனிதன் காலில் பூட்டப்படும் சங்கிலியை.

அந்தச் சங்கிலி என்ன செய்யும் என்பதை ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் தமிழ்நாடு கண்டது. 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில், தர்காவை நம்பி வந்தவர்களை அடைத்து வைத்திருந்த தனியார் கொட்டகை ஒன்று தீப்பற்றிக்கொண்டது. கட்டுண்டு கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். சுப்ரீம் கோர்ட்டே தானாக முன்வந்து விசாரணையை மேற்கொண்டது.

வெள்ளைக்காரன் 1912-ல் செய்த பைத்தியச் சட்டம், "இவனை எங்கே அடைத்து வைப்பது?" என்று கேட்டது. சுதந்திர பாரதம் 2017-ல் இயற்றி, 2018 மே 29 முதல் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டமோ, "இவனுடைய உரிமை என்ன?" என்று கேட்கிறது. அதன் 95-வது பிரிவின்படி, நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கலாகாது. சட்டத்தை மீறினால் முதல் குற்றத்துக்கே 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். பலவந்தமாகத் தலையை மொட்டையடிப்பதும் கூடாது. சர்க்கார் செலவில் சிகிச்சை பெற அவருக்குப் பாத்தியதை உண்டு. வீட்டார் கைவிட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஆயுள் முழுவதும் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கவும் இயலாது.

நஞ்சை நிலமே உயிராயுள்ள நம் ஜில்லாவில் இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. பாகப் பிரிவினை என்று வந்தால், "அவனுக்கு எதற்குப் பங்கு? சோறு போட்டால் போதாதா?" என்று கேட்போர் இருக்கிறார்கள். பிறவியிலேயே புத்தி சுவாதீனம் இல்லாதவனுக்குப் பங்கில்லை என்ற பழைய விதியை 1928-ம் வருஷத்துச் சட்டங்கூடத் தொடாமல் விட்டது. ஆனால் 1956-ம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டத்தின் 28-வது பிரிவு, எந்த வியாதியும் எந்த ஊனமும் வாரிசுரிமையைப் பறிக்காது என்று தீர்த்துவிட்டது.

2017-ம் வருஷத்துச் சட்டம் இதற்கு மேலும் அரண் செய்கிறது. மனோவியாதி கண்டிருக்கிறது என்பதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று கொள்ளலாகாது. அதைக் கோர்ட்டு தீர்மானிக்க வேண்டும். தெளிவாயிருக்கும் வேளையில் அவர் இடும் கையெழுத்துச் செல்லும். தெளிவில்லாத வேளையில் தம்பியோ தமையனோ பத்திரத்தில் வாங்கிய கைநாட்டுச் செல்லாது.

"நான் கண்ணை மூடிவிட்டால் என் பிள்ளையின் கதி என்ன?" என்று கண்ணீர் விடும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று அந்தப் பிள்ளையே தெளிவான காலத்தில் எழுதி வைக்கலாம். தமக்காகப் பேச நம்பிக்கையான ஒருவரை நியமிக்கலாம். அநீதி நேர்ந்தால், ஜில்லா கோர்ட்டைச் சேர்ந்த சட்ட உதவி ஆணையத்தில் காசு செலவின்றி வக்கீல் உதவி கேட்கலாம்.

சட்டம் மதகைத் திறந்துவிட்டது. தண்ணீரைக் கடைமடை வரை கொண்டு சேர்ப்பது ஊராரின் பொறுப்பு. படித்த குடும்பத்தார் இந்தச் செய்தியைப் பக்கத்து வீட்டுக்குச் சொன்னாலே பாதி வாய்க்கால் வெட்டியாயிற்று.